லீசாவின் ஞானத்தாய்

மரிசெலை எங்கள் வீட்டுக்கு முதன்முதல் கூப்பிட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனி நான் சொல்லப்போவதைக் கேட்கிறவர்கள், அவள் தானாக வந்து எங்களுக்குள் நுழைந்தவள் என்று நினைத்துவிடக் கூடாது.

அப்போது எனக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடம் ஆட்களைத் தூக்கிப் புரட்டியதன் பலன். மூன்று மாதம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். என் கணவர் மார்க்கஸ் பஸ் ஓட்டுகிறவர். அவருடைய வேலை நேரம் கிழமைக்குக் கிழமை மாறும். மகள் லீசாவுக்குப் பன்னிரண்டு வயது. நொர்வேயில், ஒஸ்லோ நகரத்தின் ஓரத்து வெஸ்ட்லியில், ரயில்பாதை முடிகிற இடத்தில், ஒன்பதாவது மாடியில் நாங்கள் மூன்று பேர். கூப்பிட்டால் வரக்கூடிய சொந்தம் பக்கத்து நகரமான திராமனில் இருந்த என் அக்கா மட்டும்தான். அவவுக்கும் நாலு பிள்ளைகள்.

மரிசெல் எங்கள் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிலிப்பைன்ஸில் இலோய்லோ அவளுடைய ஊர். அங்கே நாலு வருடம் படித்துத் தாதியானவள். ஆள் அனுப்புகிற ஒரு கம்பனி மூலம் ஒஸ்லோவில் வந்து இறங்கிய பிறகுதான், அந்தப் படிப்பு இங்கே முழுதாகச் செல்லாது, இன்னும் பாடங்கள் எடுக்க வேண்டும், சோதனை எழுத வேண்டும் என்று தெரிந்ததாம். ஆகவே அவளும் என்னைப் போல ஒரு உதவியாளர். நாங்கள் இருவரும் நொர்வேஜிய மொழியில்தான் கதைப்போம். என்னுடையது இலக்கணப் பிழை இல்லாதது. அவளுடையதில் பாதி ஆங்கிலம். ஆனாலும் இல்லத்தில் இருந்த கிழவர்களும் கிழவிகளும் அவள் சொன்னால்தான் மாத்திரை விழுங்குவார்கள்.

சத்திரசிகிச்சைக்கு முந்தி ஒருநாள் எங்கள் பகுதித் தலைவி எல்லாருக்கும் முன்னால் சொன்னா: "பிலிப்பினோக்களுக்குப் பராமரிக்கிறது இரத்தத்திலேயே இருக்கு."

நான் அந்த இடத்தில் அழுக்குத்துணிப் பையோடு நின்றேன். பன்னிரண்டு வருடத்தில் என் இரத்தத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

பிறகு உடுப்பு மாற்றும் அறையில் மரிசெல் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இரத்தத்திலை ஒண்டும் இல்லை, யோசெப்பின். எங்கடை நாட்டிலை அதுக்குப் பள்ளிக்கூடம் வைச்சுப் படிப்பிச்சு ஏத்துமதி செய்யினம். விமான நிலையத்திலை எங்களுக்கெண்டு தனி வரிசை. மேலை 'எங்கள் வீரர்களே, வருக' எண்டு எழுதியிருக்கும். வீரர்கள் அந்த வரிசையிலை நாலு மணித்தியாலம் நிக்க வேணும்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீரர் என்ற சொல்லை நாங்கள் சண்டையில் செத்த பிள்ளைகளுக்கு வைத்திருந்தோம். வருக என்று எழுதி வைத்தாலும் அவர்கள் வரப்போவதில்லை.

அன்றுதான் அவள் தன் மகளின் படத்தைக் காட்டினாள். ஜெனலின், ஒன்பது வயது. ஐந்து வயதில் விட்டுவிட்டு வந்தவளாம். தகப்பன் கப்பலில் போய், அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டான். பிள்ளையை வளர்க்கிறது மரிசெலின் தங்கை லூர்து. எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. இரக்கப்படுகிற ஆளாக நான் இருந்தவரையில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு மரிசெல் கிழமையில் மூன்று நாள் வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், லீசாவின் தலைமுடியை வாரிப் பின்னினாள். நான் அடுத்த அறையில் கட்டிலில் நிமிர்ந்து படுத்தபடி குசினிக்குள் சமைத்துக்கொண்டு அவர்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஏன் சிரிக்கிறார்கள் என்று எழும்பிப் போய்ப் பார்க்க முடியாது. கூப்பிட்டுக் கேட்டால் லீசா, "ஒண்டுமில்லை அம்மா" என்பாள்.

மூன்று மாதத்தில் லீசா அவளைத் 'தீத்தா' என்று கூப்பிடத் தொடங்கினாள். அவர்களுடைய பாஷையில் மாமி, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான். திராமனில் இருக்கிற என் அக்காவைப் பெரியம்மா என்று சொல்ல லீசாவை நான் எத்தனை முறை திருத்தியிருப்பேன்! இந்தச் சொல் திருத்தாமலே வந்தது.

என் முதுகு சுகமான பிறகும் மரிசெல் ஞாயிறு தவறாமல் வந்தாள். எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் தமிழ்ப் பூசை மாதத்தில் ஒரு தடவைதான். மற்ற ஞாயிறுகளில் மரிசெலோடு பிலிப்பினோக்களின் பூசைக்குப் போய் லீசா அவர்களுடைய பாட்டுக்குழுவில் சேர்ந்தாள். எங்கள் பாட்டுக்குழுவில் அவளுக்கு வாய் திறக்க வெட்கம். அங்கே இரண்டாம் வரிசையில் நின்று, அர்த்தம் தெரியாத பாஷையில் தொண்டை தெறிக்கப் பாடுவாள்.

லீசா பெரியபிள்ளையானதை நான் நாலு மாதம் கழித்துத்தான் அறிந்தேன். அலுமாரியைத் துப்புரவாக்கும்போது நப்கின் இருந்த ஒரு பை அகப்பட்டது. கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தீத்தாவுக்குத் தெரியும். தீத்தாதான் வாங்கித் தந்தவ."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் மண்டபம் எடுப்பியள். பெரியபிள்ளையானதுக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சாமத்தியவீடு செய்வியள். என்ரை வகுப்புப் பிள்ளையளும் படம் பாப்பினம். எனக்கு வேண்டாம், அம்மா."

மார்க்கஸ் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "விடும், யோசெப்பின். இந்தக் காலத்துப் பிள்ளையள்" என்றார். நான் விடவில்லை. மரிசெலிடம் கேட்டேன். அவள் பதறிப்போனாள். அம்மாவிடம் சொல் என்று ஒவ்வொரு கிழமையும் லீசாவிடம் சொன்னாளாம். பிள்ளை தானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாளாம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மகள் பெரியவளானதை நான் அறியாத அந்த நாலு மாதமும் இன்னொருத்தி அறிந்திருந்தாள். அதை யார் வந்து விளக்கினாலும் எனக்கு ஆறவில்லை.

அதற்கடுத்த யூன் மாதம் பிலிப்பினோக்களின் சுதந்திர நாள். பூங்கா ஒன்றில் கூடிச் சமைத்துச் சாப்பிட்டார்கள். எங்களையும் மரிசெல் கூப்பிட்டிருந்தாள். தேசியகீதம் பாடியபோது எல்லாரும் எழும்பி நெஞ்சில் கை வைத்தார்கள். பத்து வருடம், இருபது வருடம் பிள்ளைகளைப் பிரிந்து நிற்கிற பெண்கள். பிள்ளை வளர்க்க வேலை தராத அந்த நாட்டுக்காக அவர்கள் கண் கலங்கப் பாடினார்கள். லீசாவும் நெஞ்சில் கை வைத்துப் பாடினாள். அவளுடைய மற்றக் கையில் கடதாசிக் கொடி ஒன்று.

ரயிலில் திரும்பி வரும்போது லீசா கேட்டாள்: "அம்மா, எங்களுக்கு எது அப்பிடியான நாள்?"

"மே பதினேழு கொண்டாடுறாய்தானே?"

"அது நொர்வேயின்ரை. எங்கடை?"

எங்களிடம் இருக்கிற நாள்கள் எல்லாம் செத்தவர்களுக்கு விளக்குக் கொளுத்தி அழுகிற நாள்கள். அதை அந்த ரயிலுக்குள் வைத்து எப்படிச் சொல்வது? யன்னலைப் பார்த்தேன். மரிசெலுக்குப் போகவென்று ஒரு நாடு இருந்தது. கடவுச்சீட்டை நீட்டினால் உள்ளே விடும். நான் சண்டைக்குப் பயந்து என் ஊரான நாரந்தனையைவிட்டு வெளிக்கிட்டபோது ஒருவரும் வீரர் என்று எழுதி வைக்கவில்லை. வள்ளத்தில் குனிந்து இருந்து வந்தேன். இவளுக்கு நாடும் இருக்கிறது, கொடியும் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. இப்போது அந்தப் பாட்டை என் பிள்ளையும் பாடுகிறாள்.

லீசாவுக்குப் பதினைந்து வயதில் உறுதிபூசுதல் வந்தது; ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கு ஆயர் தைலம் பூசுகிற சடங்கு அது. அதில் பிள்ளையின் தோளில் கை வைத்து ஞானத்தாயாக என் அக்கா நிற்பா என்று நான் வாய் விட்டுச் சொல்லியும் வைத்திருந்தேன். லீசா மரிசெலின் பெயரை எழுதிக் கோவிலில் கொடுத்துவிட்டு வந்தாள். அக்கா அதன் பிறகு ஒரு வருடம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

யூன் முதல் சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்குப் பூசை. பத்தரைபோலக் கைகழுவும் அறைக்குப் போனேன். மரிசெல் அங்கே குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஜெனலின் ஆஸ்பத்திரியிலை. டெங்கு. இரத்தம் ஏத்துகினம்."

"நீ போகேல்லையா?"

"முந்தநாள் லீவு கேட்டனான். கோடைக்கு எல்லாரும் எடுத்தாச்சாம், ஆளில்லையாம். அடுத்த கிழமை பாப்பமாம்." முகத்தைக் கழுவினாள். "போய்ச் சேரவே இரண்டு நாள். லூர்து பக்கத்திலை நிக்கிறாள். நான் இஞ்சை லீசாவுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

கடதாசியால் முகத்தை ஒற்றி, உதட்டுச்சாயம் பூசி, கண்ணாடியில் இரண்டு முறை சிரித்துப் பார்த்தாள். பிறகு வெளியே போனாள். ஆயர் லீசாவின் நெற்றியில் தைலம் பூசும்போது அவளுடைய கை லீசாவின் தோளில் இருந்தது. மார்க்கஸ் எடுத்த படத்தில் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்ன நடந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதும் எனக்கு இரக்கம் முதலில் வரவில்லை. என் பிள்ளைக்காக இப்படி ஒன்றை விழுங்கிவிட்டுச் சிரிக்க இவளால் முடிகிறதே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது.

ஜெனலின் அந்த முறை பிழைத்தாள். அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு மரிசெல் மகளை ஒஸ்லோவுக்குக் கூப்பிட்டாள். வீட்டு ஒப்பந்தம், சம்பளக் கடிதங்கள், கப்பலில் போன தகப்பனின் கையெழுத்து என்று எல்லாவற்றையும் சேர்க்க அவ்வளவு காலம் எடுத்தது. ஓகஸ்ட் மாதம் பிள்ளை வந்து இறங்கினாள். பதினாலு வயது. தாயைவிட உயரம். நல்ல ஆங்கிலம். எங்களிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி, ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் மரிசெல் எடுத்திருந்த இரண்டு அறைகளில் தாயும் மகளும் இருந்தார்கள்.

எனக்குச் சந்தோசம். இனியாவது மரிசெல் தன் பிள்ளையைப் பார்ப்பாள், என் பிள்ளை எனக்குத் திரும்பி வருவாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். கணக்குப் பிழைத்தது. லீசா தனக்கொரு தங்கை வந்துவிட்டாள் என்று குதித்தாள். நாள்தோறும் அங்கேயே போய் நின்றாள்.

ஜெனலின்தான் ஒட்டவில்லை. லூர்துவை அவள் 'நானாய்' என்பாள்; அவர்களுடைய பாஷையில் அது அம்மா. மரிசெலை 'மம்மா மரிசெல்' என்பாள். பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டால் அது அம்மா இல்லை என்று எனக்கே விளங்கியது. மரிசெலுக்கு விளங்காமல் இருக்குமா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளை போனை மேசையில் சாய்த்து வைப்பாளாம். அங்கே இரவாகியிருக்கும். லூர்து படுக்கையில் இருந்தபடி கதைப்பாள். சாப்பிடும்போதும் கதை, வீட்டுப்பாடம் செய்யும்போதும் கதை.

"எனக்கு என்ரை தங்கச்சியிலை எரிச்சலாக் கிடக்கு" என்று மரிசெல் ஒருநாள் கட்டில்விரிப்பு மாற்றும்போது சொன்னாள். "நான் கேட்டதைத்தான் அவள் செய்தவள். என்ரை பிள்ளையைத் தன்ரை பிள்ளையா வளர் எண்டு நான்தான் கெஞ்சினனான். இப்ப அவள் அதை ஏன் இவ்வளவு நல்லாச் செய்தவள் எண்டு கோவம் வருது. அவளின்ரை குரல் என்ரை குசினிக்குள்ளை கேக்கிறது பிடிக்கேல்லை."

நான் விரிப்பின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே தலையாட்டினேன். உள்ளே, இப்ப தெரியுதோ என்று ஒரு குரல் கேட்டது. வெட்கமான குரல்தான். ஆனால் அது என்னுடையது.

பள்ளிக்கூடத்திலும் பிள்ளைக்குச் சரிவரவில்லை. எந்த நாடு என்று கேட்கிறவர்கள் பதிலைக் கேட்டதும், எங்கள் பாட்டியைப் பார்க்கிற ஆளும் பிலிப்பினோ, எங்கள் வீட்டில் பிள்ளை பார்த்தவளும் பிலிப்பினோ என்பார்களாம். "என்ரை நாட்டின்ரை பேரைச் சொன்னா இஞ்சை எல்லாருக்கும் ஒரு வேலைதான் ஞாபகம் வருது" என்று ஜெனலின் லீசாவிடம் சொன்னாளாம். லீசா அதை வந்து எங்களுக்குச் சொல்லி, "பாவம், அம்மா" என்றாள்.

இலையுதிர்கால விடுமுறையில், ஒக்ரோபரில், மரிசெலுக்கு இரண்டு வேலைமுறை சேர்ந்து வந்தது. "ஒரு நாள் ஜெனலினைப் பாத்துக்கொள்ளுவியோ?" என்று கேட்டாள். லீசா பள்ளித் தோழிகளோடு வெளியூர் போயிருந்தாள். நான் இறைச்சி வைத்துச் சுருட்டி றோல்ஸ் பொரித்தேன். பிள்ளை ருசித்துச் சாப்பிட்டாள், இன்னும் இரண்டு கேட்டு வாங்கினாள். என் வீட்டில் அவள் சிரித்தாள். அவளுடைய தாயிடம் காட்டாத சிரிப்பு. அது எனக்கு இனித்தது.

பிறகு நான் எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து அல்பத்தை எடுத்தேன். பொழுது போகட்டும் என்று எடுத்தேன் என இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அது பொய். எந்தப் பக்கத்தில் எந்தப் படம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஜெனலின் மெதுவாகப் புரட்டினாள். லீசாவின் பிறந்தநாள்கள். மரிசெல் கேக் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பனியில் சறுக்குப் பலகையில் லீசாவுக்குப் பின்னால் இருக்கிறாள். பாட்டுக்குழுவின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் லீசாவின் முடியில் பூ வைக்கிறாள். ஒவ்வொரு படத்திலும் பிள்ளை தன் தாயைத் தேடி விரல் வைத்தாள். உறுதிபூசுதல் படம் வந்ததும் புரட்டுவது நின்றது.

"இது எப்ப?" என்று கேட்டாள்.

"இரண்டு வருசத்துக்கு முன்னம். யூன். முதல் சனிக்கிழமை."

அவளுடைய உதடு அசைந்தது. நாளை எண்ணிப் பார்த்தாள். "அண்டைக்கு நான் ஆஸ்பத்திரியிலை. நானாய் போன் எடுத்தவ. மம்மா மரிசெலுக்கு லீவு இல்லையாம், வேலையாம் எண்டு சொன்னவ."

நான் அப்போது ஒரு வசனம் சொல்லியிருக்க வேண்டும். லீவு கேட்டவள், கிடைக்கவில்லை, அன்று காலையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், நான் கண்ணால் கண்டேன் என்று. நொர்வேஜிய மொழியிலும் சொல்லலாம், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் சொல்லலாம்.

"ஓ, அப்பிடியோ?" என்று கேட்டேன்.

பிள்ளை அல்பத்தை மூடி மேசையில் நேராக வைத்தாள். நன்றி சொன்னாள். தாய் வரும்வரை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள்.

அடுத்த கிழமை அவள் பள்ளிக்கூடம் போக மறுத்தாள். அதற்கடுத்த கிழமை திரும்பிப் போக வேண்டும் என்றாள். மரிசெல் கெஞ்சினாள், ஏசினாள், போனைப் பறித்து ஒளித்து வைத்தாள், பிறகு தானே எடுத்துக் கொடுத்தாள். நவம்பர் நடுவில் ஒருநாள், வேலையிடத்தில் துணிகள் அடுக்கி வைக்கிற அறைக்குள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"படம் காட்டினியோ?"

"ஓம்."

"அது பரவாயில்லை. படம் பொய் சொல்லேல்லை. நான் அங்கை நிண்டது உண்மை. நான் அழுததைச் சொன்னியோ?"

"இல்லை."

"ஏன்?"

மறந்துவிட்டேன் என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு அது வரவில்லை. "எனக்கு உன்னிலை எரிச்சல்" என்றேன். "கனகாலமா."

"என்னிலையோ?" அவள் உண்மையாகவே திகைத்தாள். சுற்றியிருந்த துவாய்களையும் விரிப்புகளையும் பார்த்தாள், அவற்றுக்குள் அதற்குக் காரணம் இருக்கிற மாதிரி. "என்னட்டை என்ன கிடக்கு எரிச்சல்பட?"

"லீசா."

அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "யோசெப்பின், எனக்கு உன்னிலை ஒவ்வொரு நாளும் எரிச்சல். ஏழு வருசமா. வேலை முடிய நீ கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டை போவாய். உன்ரை பிள்ளை வீட்டிலை இருக்கும். நீ அதைப் பற்றி யோசிக்கிறதும் இல்லை. அதைப் பாத்துப் பாத்து நான் பல்லைக் கடிச்சிருக்கிறன். ஆனா உன்ரை பிள்ளைக்கு நான் ஒரு கெடுதலும் செய்யேல்லை."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே நின்று துவாய்களை மடித்தேன். ஏற்கெனவே மடித்திருந்தவற்றையும் விரித்து மடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். மரிசெல் கதவைத் திறந்தாள். ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. "உன்ரை மகளோடை அஞ்சு நிமிசம் கதைக்க வேணும்" என்றேன். விலகி வழிவிட்டு, மேலங்கியை எடுத்துக்கொண்டு தான் வெளியே போய்விட்டாள்.

ஜெனலின் கட்டிலில் இருந்தாள். சூட்கேஸ் ஏற்கெனவே திறந்து கிடந்தது. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். லீவு கேட்டது, கைகழுவும் அறை, தண்ணீர்ச் சத்தம், உதட்டுச்சாயம் எல்லாம். கடைசியாக, இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு உனக்குச் சொல்லாமல் விட்டேன் என்பதையும் சொன்னேன்.

"ஏன் விட்டனீங்கள்?"

"லீசாவுக்கு உன்ரை அம்மாவிலை கூடுதலான பாசம். என்னாலை அதைத் தாங்க ஏலாமல் போச்சு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு பெரிய மனிசி என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. "எனக்கும் லீசாவிலை அப்பிடித்தான்" என்றாள். "மம்மா எனக்குப் பாடின பாட்டெல்லாம் லீசாவுக்குத் தெரியும். எனக்கு மறந்துபோச்சு."

"அப்ப போகாதை, பிள்ளை. அவ உன்னை விட்டிட்டு அண்டைக்குக் கோவிலிலை சந்தோசமா நிக்கேல்லை."

"அவ அழுதவ எண்டது எனக்குத் தெரியாது. சொன்னதுக்கு நன்றி." சட்டை ஒன்றை மடித்தாள். "ஆனா தெரிஞ்சிருந்தாலும் போயிருப்பன். நான் சாகக் கிடந்தபோது என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது நானாய். இப்ப அவ அங்கை தனிய இருக்கிறா. எனக்கு அவவை விட்டிட்டு இஞ்சை இருக்கேலாது. மம்மா மரிசெலுக்கு அது விளங்கும். அவவும் ஒரு ஆளை விட்டிட்டு வந்தவதானே."

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருக்கும்போது அவள் போனாள். விமான நிலையத்துக்கு மரிசெலோடு லீசா போனாள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. லீசா திரும்பி வந்து, தீத்தா ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை என்றும், மகளை அனுப்பிவிட்டு நேரே பின்னேர வேலைக்குப் போனாள் என்றும் சொன்னாள். லீசாவுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. மரிசெலும் சொல்லவில்லை, ஜெனலினும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு மரிசெல் என்னோடு வேலைக் கதை மட்டும் கதைத்தாள். யாருக்கு எத்தனை மணிக்கு மருந்து, யார் சாப்பிடவில்லை, யாருடைய மகன் வந்து போனான். எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. லீசா கேட்டபோது, படிப்பு இருக்கிறது என்று மரிசெல் சொன்னாளாம். அது உண்மையும்தான். ஒன்றரை வருடத்தில் சோதனைகளை முடித்து, தாதி என்ற அத்தாட்சியை வாங்கினாள். பேர்கனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போகிற நாளில் தலைவி கேக் வெட்டி, பிலிப்பினோக்களைப் பற்றித் திரும்பவும் எதையோ சொன்னா. மரிசெல் எல்லாருக்கும் கை கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். "முதுகைக் கவனி" என்றாள்.

அவள் போனால் எனக்கு நிம்மதி என்று நினைத்திருந்தேன். நிம்மதி வந்ததுதான், இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் லீசா பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான கடைசி வருடத்தை முடித்து, மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். யூலையில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "எனக்குப் பேர்கன் கிடைச்சிருக்கு. சமூகசேவைப் படிப்பு."

"ஒஸ்லோவிலை அந்தப் படிப்பு இல்லையோ?"

"இருக்கு."

"பேர்கனிலை எங்கடை சனமும் குறைவு. மழை வேற."

"தீத்தா இருக்கிறா" என்றாள் லீசா. சோற்றைப் பிசைந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். மார்க்கஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்க எழும்பினார்.

இனி ஒளிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அங்கே போய் எப்படியும் ஒருநாள் கேட்டு அறிவாள். வேறு ஒருத்தியின் வாயால் அவள் அறியக் கூடாது என்ற பயத்தில்தான் சொன்னேன். நேர்மையால் சொன்னேன் என்று பெருமை பேச மாட்டேன். ஓகஸ்ட் முதற் கிழமை, அவள் பெட்டி அடுக்கும்போது, கட்டிலின் ஓரத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அல்பம், நாள், நான் கேட்ட அந்த ஒரு வார்த்தை.

லீசா கத்தவில்லை. "ஜெனலின் என்னாலை போனவளெண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சனான்" என்றாள். "அவளுக்கு என்னைப் பிடிக்கேல்லை, நான் அவளின்ரை இடத்திலை இருந்திட்டன் எண்டு. இரண்டு வருசம் அம்மா! ஒவ்வொரு பூசையிலையும் அதுக்கு மன்னிப்புக் கேட்டனான்."

மன்னிச்சுக்கொள் என்றேன். அவள் அறைக் கதவைச் சாத்தினாள். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவள் போனில் இரண்டு பேரோடு கதைத்தாள்: ஒருத்தி பேர்கனில், ஒருத்தி இலோய்லோவில். சுவருக்குப் பின்னால் குரல் மட்டும் கேட்டது. ஜெனலின் ஊரிலேயே மீன்வளம் படிக்கப்போகிறாளாம், எந்த நாட்டுக்கும் வேலைக்குப் போக மாட்டாளாம் என்று மார்க்கஸிடம் லீசா சொன்னாள். மரிசெல் இப்போது ஒவ்வொரு வருடமும் ஐந்து கிழமை லீவு எடுத்து அங்கே போய் நிற்கிறாளாம். லூர்துவும் அவளும் ஒரே குசினியில் சண்டை பிடித்துக்கொண்டு சமைக்கிறார்களாம். இதெல்லாம் எனக்கு மார்க்கஸ் சொல்லித்தான் தெரியும்.

போகிற அன்று நாங்கள் மூவரும் மத்திய நிலையத்துக்குப் போனோம். மார்க்கஸ் பெட்டிகளை ஏற்றி இடம் பார்த்து வைக்க ரயிலுக்குள் போனார். மேடையில் நானும் லீசாவும் நின்றோம். அவள் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்த மூன்று நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

"தீத்தா ஸ்ரேசனுக்கு வந்து நிக்கிறன் எண்டவ. அங்கை போனதும் நான் உங்களைப் பற்றி அவவோடை கதைப்பன், அம்மா. அது உங்களுக்குப் பிடிக்காதெண்டு தெரியும்."

"கதை."

"இப்பவும் அவவிலை எரிச்சலோ?"

இல்லை என்று சொன்னால் அவள் கட்டிப்பிடித்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஏழு மணித்தியாலப் பயணம் முடிய பேர்கன் மேடையில் அவளை யார் கட்டிப்பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

"ஓம்" என்றேன்.

லீசா தலையை ஆட்டினாள். "சரி. உண்மையைச் சொன்னனீங்கள்." என் கோட்டின் கழுத்துப்பட்டி மடிந்திருந்ததை நிமிர்த்திவிட்டு ரயிலில் ஏறினாள். மார்க்கஸ் மற்ற வாசலால் இறங்கி வந்தார். ரயில் வெளிக்கிட்டது. அவருக்கு இரண்டு மணிக்கு வேலை இருந்தது. நாங்கள் வெஸ்ட்லிக்குத் திரும்பினோம்.